ஒரு பொருக்கில் நான்கு ஏடு: எந்தச் சுவருக்கு, எந்தப் படத்துக்கு எந்தப் பெயிண்ட்?

போன கார்த்திகையில் மழை விட்ட மறுநாள், மயிலாடுதுறையில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில், சுவரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொருக்கு பெயர்ந்து விழுந்தது. பெருக்கித் தள்ளுவதற்கு முன் அதை எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். மேலே சந்தன நிற எமல்ஷன். அதற்குக் கீழே, சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியின் வெள்ளை. அதற்கும் கீழே, நான் பள்ளிக்கூடம் போன காலத்துப் பச்சை டிஸ்டெம்பர். முதுகுப் பக்கம் முழுக்க நீலம் கலந்த சுண்ணாம்பு. மேல் ஏடு ரப்பர் தாள் போல வளைந்தது. முதுகைத் தொட்டால் சுண்ணாம்பு மாவாக விரலில் ஒட்டியது. நான்கும் தனித்தனியே நல்ல சரக்குதான். ஒரே சுவரில் சேர்ந்து குடித்தனம் நடத்தத்தான் அவற்றுக்கு முடியவில்லை.

அதே வாரம் தங்கை மகள் கேட்டாள்: "மாமா, படம் வரையப் பழகலாம் என்றிருக்கிறேன். வாட்டர் கலர் வாங்கட்டுமா, அக்ரிலிக் வாங்கட்டுமா?" என் சுவர்க் கவலைக்கும் அவள் கேள்விக்கும் தொடர்பில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கடைகள்கூட வேறு. ஒன்று ஹார்டுவேர் கடை, மற்றது நோட்டுப் புத்தகக் கடை. ஆனால் டப்பாவையும் ட்யூபையும் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை பங்காளிகள். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனும் ஓவியரின் அக்ரிலிக்கும் ஒரு வீடு. கதவுக்கு அடிக்கும் எனாமலும் ஆயில் கலரும் ஒரு வீடு. டிஸ்டெம்பரும் பள்ளிக்கூடப் போஸ்டர் கலரும் ஒரு வீடு. சுண்ணாம்பு எல்லோருக்கும் மூத்த பாட்டி.

பெயிண்ட் கடையில் உட்கார்ந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி "என்ன கலர்?" என்பதுதான். உடனே நிற அட்டைப் புத்தகம் கைக்கு வந்துவிடும். குடும்பமே சுற்றி உட்கார்ந்து அரை மணி நேரம் அதைப் புரட்டும். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எந்தப் பெயிண்டிலும் மூன்று சரக்கு உண்டு: நிறம் தரும் தூள், அந்தத் தூளைப் பரப்போடு ஒட்டிவைக்கும் பசை, பூசுவதற்கு வசதியாக இளக்கித் தந்துவிட்டுப் பறந்துபோகும் தண்ணீர் அல்லது டர்பென்டைன். தூளில் பெரிய வித்தியாசம் கிடையாது. சுவருக்கு வாங்கும் வெள்ளை எமல்ஷனிலும், ஓவியக் கடையில் வாங்கும் டைட்டானியம் ஒயிட் ட்யூபிலும் இருப்பது ஒரே டைட்டானியம் டை ஆக்சைடு. உலகம் முழுக்க நிறமிப் பட்டியலில் அதற்கு பி.டபிள்யூ. 6 என்று ஒரே எண். வித்தியாசம் முழுக்கப் பசையில் இருக்கிறது. அது எப்படிக் காய்கிறது, காய்ந்தபின் தண்ணீரை விடுமா, வளையுமா, மஞ்சளடிக்குமா என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

சுண்ணாம்பு

இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன். இன்று யாரும் இதை ஒரு தெரிவாகவே எண்ணுவதில்லை. வசதியில்லாதவர்கள் அடிப்பது, மாட்டுக் கொட்டகைக்கு அடிப்பது என்று ஒதுக்கிவிட்டோம்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சல் சுண்ணாம்பையோ தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் அடுப்பில்லாமலே கொதிக்கும். சிறு வயதில் எங்களுக்கு அது வேடிக்கை. பெரியவர்கள் அருகே விடமாட்டார்கள். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் அந்தக் கண்டிப்பு நியாயமானது. ஆறியதும் துணியில் வடிகட்டி, சிட்டிகை நீலம் சேர்த்து, கொஞ்சம் பசையோ உப்போ கலந்து, பால் பதத்துக்கு நீர்க்க அடிப்பார்கள். அடித்தவுடன் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சுவர் நனைந்தது போலத் தெரியுமே தவிர வெள்ளை தெரியாது. காயக் காயத்தான் வெண்மை எழும்பி வரும்.

நீரில் குழைந்த அந்தச் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாகிறது. பெயிண்ட் போலச் சுவருக்கு மேலே தோலாகப் படியாமல், சுவரின் மேல்பரப்போடு ஒன்றாகிவிடுகிறது. சுவருக்குள் ஏறும் ஓதம் அதன் வழியாகவே வெளியேறிவிடும். காரத்தன்மை அதிகம் என்பதால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சை நான் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கமும் இதோடு சேர்ந்தது என்று நினைக்கிறேன். வடகிழக்கு மழை முடிந்து சுவரில் இன்னும் ஈரம் இருக்கும் மார்கழியில் அடிப்பதைச் சுண்ணாம்பு விரும்பும். அது கல்லாக மாற ஈரம் வேண்டும். காய்ந்த சுவரென்றால் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் அடிப்பார்கள். நாம் சுண்ணாம்பை விட்டுவிட்டு வழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். ஈரச் சுவரில் மார்கழியிலேயே எமல்ஷன் அடிக்கிறோம். சித்திரை வெயிலில் அது கொப்பளிக்கும்போது பெயிண்ட்காரரைத் திட்டுகிறோம்.

குறையும் சொல்ல வேண்டும். சாய்ந்தால் சட்டை வெள்ளையாகும். துடைக்க முடியாது. ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். ஏற்கெனவே எமல்ஷனோ எனாமலோ அடித்த சுவரில் அது பிடிக்காது. எல்லா நிறமும் கலக்கவும் முடியாது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் தூள்கள் மட்டுமே நிற்கும். காவி, மஞ்சள் மண், நீலப்பொடி ஆகியவை தாங்கும். பிரஷ்யன் புளூ என்ற அடர்நீலம் தாங்காமல் வெளிறிவிடும். கோயில் மதிலில் வெள்ளையும் காவியுமாக ஓடும் பட்டைகள் அழகுக்காக மட்டும் வந்தவை என்று தோன்றவில்லை. சுண்ணாம்போடு ஒத்துப்போகும் நிறங்கள் அவை.

ஓவியத்தில் சுண்ணாம்பின் பங்கைப் பார்க்கத் தஞ்சாவூர் வரை போனால் போதும். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள் நடையில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் சோழர் காலத்தில் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேலேயே வேறு பூச்சிட்டு வேறு ஓவியம் வரைந்துவிட்டார்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, மேல் ஏடு உதிர்ந்த இடத்தில் கீழே இருந்த பழைய ஓவியத்தைக் கண்டார். என் கையிலிருந்த பொருக்கைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டுச் சுண்ணாம்புக்குக் கீழே சோழர் யாரும் இல்லை, செங்கல்தான் இருந்தது.

டிஸ்டெம்பரும் போஸ்டர் கலரும்

இவை இரண்டையும் விரைவாகக் கடந்துவிடலாம். இரண்டிலும் சுண்ணக்கட்டித் தூள் போன்ற நிரப்புப் பொருள் நிறைய, பசை குறைவு. அதனால்தான் விலை மலிவு. டிஸ்டெம்பரைக் கடையில் லிட்டரில் கேட்டால் சிரிப்பார்கள், கிலோவில் கேட்க வேண்டும். அடித்த அன்று பளிச்சென்று மிருதுவாக இருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் நிறம் துணிக்கு வந்துவிடும். வாடகை வீட்டுக்கும், யாரும் கை வைக்காத மேல்தளத்துக்கும் இது போதும். ஆனால் அடுத்தமுறை அதன்மேல் எமல்ஷன் அடிப்பதாக இருந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் சுரண்டவில்லை. "மேலே பட்டி பார்த்துவிட்டால் பிடித்துக்கொள்ளும்" என்று அப்போது வந்த ஆள் சொன்னார். நாங்களும் இரண்டு நாள் கூலி மிச்சம் என்று தலையாட்டினோம். அந்தச் சிக்கனம்தான் உள்ளங்கை அகலத்தில் கீழே விழுந்தது.

போஸ்டர் கலரும் அப்படியே. மூடி திறந்தால் தயிர் போல இருக்கும். தாளில் நன்றாக மூடும், காய்ந்ததும் பளபளப்பு இருக்காது, தண்ணீர் பட்டால் கரையும். வெயில் படும் இடத்தில் மாட்டினால் சில நிறங்கள் வெளுத்துவிடும். குழந்தைகளுக்கு இதையே வாங்கிக் கொடுங்கள். தரையில் கொட்டினாலும் துணியில் பட்டாலும் பெரும்பாலும் தண்ணீரிலேயே போய்விடும். பத்து வயதுப் பிள்ளைக்கு அக்ரிலிக் வாங்கிக் கொடுத்துப் பள்ளிச் சீருடையை இழந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

எமல்ஷனும் அக்ரிலிக்கும்

பெரியவர்கள் இன்னும் பிளாஸ்டிக் பெயிண்ட் என்று சொல்வது எமல்ஷனைத்தான். பழைய பெயரே பொருத்தமானது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துளிகள் மிதக்கின்றன. பாலில் கொழுப்பு மிதப்பது போல. தண்ணீர் ஆவியானதும் அந்தத் துளிகள் ஒன்றையொன்று நெருக்கி, ஒட்டி, ஒரே தோலாகிவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. ஈரமாக இருக்கும்போது பிரஷைக் குழாயடியில் கழுவலாம். ஒரு மணி நேரம் கழித்தால் பிரஷைத் தூக்கி எறியத்தான் வேண்டும்.

ஓவியர்களின் தண்ணீர் அக்ரிலிக் 1950-களின் நடுவில் கடைக்கு வந்தது. காயும் விதம் அச்சாக இதேதான். ஈரத்தில் பசை பால் நிறத்தில் இருப்பதால் நிறம் வெளிறித் தெரியும். காய்ந்ததும் பசை கண்ணாடியாகி, நிறம் ஒரு மாத்திரை அடர்ந்துவிடும். சுவரிலும் இது நடக்கும். அடித்துக்கொண்டிருக்கும்போதே "அட்டையில் பார்த்த நிறம் இல்லையே" என்று சண்டை போடாதீர்கள். மறுநாள் பாருங்கள்.

புதுச் சிமெண்ட் பூச்சு உள்ள வீட்டுக்கும், குழந்தைகள் கை வைக்கும் சுவருக்கும் எமல்ஷன்தான் இன்று முதல் தெரிவு. வாசனை குறைவு, அன்றே இரண்டாம் கோட் அடிக்கலாம், துடைக்கலாம். புதுப் பூச்சாக இருந்தால் 28 நாளாவது பொறுத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். கணக்கும் எளிது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்து அடி என்றால் சுற்றுச்சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் 380 இருக்கும். பட்டி பார்த்த வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 140 சதுர அடி போகும். நான்கு லிட்டர் டப்பா ஒன்றில் வேலை முடிந்துவிடும். அதே அறையை ஓவியர் அக்ரிலிக்கில் அடிக்க நினைத்தால் 120 மில்லி ட்யூப் 33 வேண்டும். அந்தக் காசுக்கு ஓர் ஓவியரையே அழைத்து வந்து சுவரில் படம் வரையச் சொல்லலாம்.

பளபளப்பு விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே கேட்காதீர்கள். மினுமினுப்பு அதிகமுள்ள வகை துடைக்க நன்றாக இருக்கும், ஆனால் கொத்தனார் கரணை போன இடமெல்லாம் மாலை வெயிலில் வரிவரியாகக் காட்டிக்கொடுக்கும். பழைய, மேடுபள்ளச் சுவருக்கு மினுக்கில்லாத மேட் வகையே மரியாதை காக்கும். வெளிச்சுவருக்கென்று விற்கும் எமல்ஷன் மிஞ்சிவிட்டது என்று படுக்கையறைக்கு அடிக்கவும் வேண்டாம். மழையையும் பாசியையும் தாங்க அதில் பூஞ்சைக்கொல்லி மருந்து கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள்.

இனி எங்கள் வீட்டுச் சிக்கல். எமல்ஷன் தோல் ஓரளவு மூச்சுவிடும், ஆனால் சுண்ணாம்பு அளவுக்கு விடாது. அடியில் ஓதம் ஏறும் சுவரில், வெளியேற வழியில்லாத நீர் தோலுக்குப் பின்னால் உட்கார்ந்து, உப்புப் பூத்து, பலவீனமான ஏட்டைத் தள்ளிவிடுகிறது. சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. இரண்டடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் அந்தச் சுவருக்கு இன்னும் பெயிண்ட் நேரம் வரவில்லை. இப்போது எங்களுக்கு வேலை செய்யும் பெரியவரிடம், "அண்ணே, தை பிறந்ததும் அடித்துவிடலாமா?" என்று கேட்டேன். "குடித்த தண்ணீரைச் சுவர் முதலில் கக்கட்டும் தம்பி. பங்குனியில் கூப்பிடுங்கள்" என்றார். வேலையைத் தள்ளிப்போடச் சொல்லும் பெயிண்டரை நம்பலாம்.

எனாமலும் ஆயில் கலரும்

எண்ணெய்ப் பெயிண்ட் காய்வதில்லை, முற்றுகிறது. இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும். எனாமலில் இருக்கும் டர்பென்டைன் சில மணி நேரத்தில் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். ஆனால் மீதமிருக்கும் எண்ணெய்ப் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுக ஒரு நாள் முழுக்க, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்த அவகாசத்தில் பிரஷ் தடம் தானாகச் சமப்பட்டு, கண்ணாடிப் பளபளப்பு வந்துவிடும். கதவு, ஜன்னல் கம்பி, கேட் என்று கை படும், உராயும் பொருளுக்கெல்லாம் எனாமல்தான். இரும்பென்றால் முதலில் துருவைத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட்டு அடிக்க வேண்டும்.

அவசரப்பட்டு ஒரே கோட்டில் கெட்டியாக அடித்தால், மேலே ஆடை கட்டி உள்ளே ஈரமாகவே இருந்து, வெந்த பாலின் ஏடு போலச் சுருங்கிவிடும். ஆயில் ஓவியர்கள் கீழடுக்கில் எண்ணெயைக் குறைத்தும் மேலடுக்குகளில் கூட்டியும் வரைவது இந்தச் சுருக்கத்துக்கும் வெடிப்புக்கும் பயந்துதான். வெள்ளை எனாமல் இருட்டில் மஞ்சளடிக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. எங்கள் அலமாரிக் கதவின் வெளிப்பக்கம் இன்னும் வெள்ளை. உள்பக்கம் பழைய வெண்ணெய் நிறம். வெயில் படும் பக்கம்தான் கெடும் என்று நினைப்போம், இங்கே நேர்மாறு. இப்போது தண்ணீரில் கரையும் எனாமலும் கிடைக்கிறது. வெள்ளைக் கதவுக்கு நான் இனி அதையே வாங்குவேன்.

சிமெண்ட் சுவரில் எனாமல் அடிக்கலாமா? பழைய ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிகளிலும் இடுப்பளவுக்கு அடர்நிற ஆயில் பெயிண்ட் அடித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நன்றாகக் காய்ந்த பழைய பூச்சில் அது நிற்கும். புதுச் சிமெண்டில் இருக்கும் காரம் எண்ணெயோடு சேர்ந்தால் சோப்பாகிவிடும். எண்ணெயும் காரமும் சேர்த்துத்தானே சோப்பே காய்ச்சுகிறார்கள்! சில மாதத்தில் பிசுபிசுத்து உரிந்து வரும்.

ஓவியர்களின் ஆயில் கலரில் இருப்பது ஆளி விதை எண்ணெய். முன்பெல்லாம் அரைத்த நிறத்தைப் பன்றியின் சவ்வுப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மடங்கும் தகர ட்யூபுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் ஓவியர்கள் வண்ணங்களைப் பையில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்குப் போய் வரைவது எளிதானது. ஆயிலின் பெருமை அதன் மந்தம். இரண்டு நாள் கழித்து வந்து, கன்னத்துச் சிவப்பை நெற்றியோடு குழைக்கலாம். அக்ரிலிக்கில் இரண்டு நிமிடம் கழித்தே அது முடியாது. ஆனால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். மேலே வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் முதல் ஓராண்டு பொறுக்க வேண்டும். நம் ஊர் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் தூசி படாமல், கரப்பான் ஓடாமல், நெடி ஏறாமல் ஒரு கேன்வாஸை அத்தனை நாள் எங்கே வைப்பது? ஆசையிருந்தும் நான் ஆயிலை விட்டதற்கு அதுவே காரணம்.

இன்னொரு எச்சரிக்கை. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். முற்றும்போது அது சூடாகும். சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.

பழைய கதவைச் சுரண்டும்போதும் கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில், அதுவும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சில், ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், காய்ந்த தூள் பறக்க விடாதீர்கள், சிறு பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள்.

பங்காளிகள் இடம் மாறினால்

கதவுப் பெயிண்டில் ஓவியம் வரையலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பிக்காசோ வரைந்திருக்கிறார். பிரான்சில் விற்ற ரிப்போலின் என்ற வீட்டு எனாமலைக் கேன்வாஸில் பயன்படுத்தினார். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் தரையில் விரித்த துணியில் சொட்டவிட்டதும் பெரும்பாலும் வீட்டு எனாமல்தான். அவர்கள் ஓவியங்களைக் காப்பாற்ற அருங்காட்சியகங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், நம் படத்துக்கு நாம்தான் இருக்கிறோம். நம் ஊர்க் கடைப் பலகை எழுதும் ஓவியர்கள் தகரத்தில் எனாமலால் எழுதினார்கள். அது சரியான இடம். தகரம் விரைப்பானது, எனாமலும் விரைப்பானது. தளர்ந்து இறுகும் துணியில் அது நாளடைவில் வெடிக்கும்.

சுவரோவியத்துக்கு ஓவிய அக்ரிலிக் வாங்கிக் காசைக் கரைக்காமல், வெளிச்சுவர் எமல்ஷன் வெள்ளை ஒரு பெரிய டப்பாவும், யுனிவர்சல் ஸ்டெய்னர் என்று சிறு புட்டியில் விற்கும் நிறச் சாறுகளும் வாங்கினால் வெளிர் நிறங்கள் எல்லாம் கலந்துவிடலாம். ஆனால் வெள்ளையில் எவ்வளவு ஸ்டெய்னர் ஊற்றினாலும் ரத்தச் சிவப்பு வராது. இளஞ்சிவப்போடு நின்றுவிடும், மேலே ஊற்றினால் காயாது. அடர்நிறங்களைக் கடை இயந்திரத்தில் கலந்தே வாங்க வேண்டும்.

எதன்மேல் எது பிடிக்கும் என்பதில் கேன்வாஸுக்கும் சுவருக்கும் ஒரே சட்டம்தான். அக்ரிலிக்கின் மேல் ஆயில் வரையலாம். ஆயிலின் மேல் அக்ரிலிக் நிற்காது. எனாமல் பளபளப்பின் மேல் நேராக எமல்ஷன் அடித்தாலும் தாளாக உரியும். உப்புத்தாள் போட்டு மினுக்கைக் கெடுத்து, பிரைமர் அடித்தால்தான் ஒட்டும். பழைய சுவரில் இருப்பது எது என்று தெரியவில்லையா? பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேயுங்கள். நிறம் இளகிப் பஞ்சில் வந்தால் எமல்ஷன், அசையாவிட்டால் எனாமல். வெறும் ஈரத் துணிக்கே வந்துவிட்டால் டிஸ்டெம்பர், விரல் பட்டாலே வந்தால் சுண்ணாம்பு.

வாட்டர் கலருக்கு மட்டும் சுவரில் பங்காளி இல்லை. அதன் பசை வேல மரத்துக் கோந்து. தூளும் கோந்தும் மிகச் சன்னமாகத் தாளில் படிய, தாளின் வெள்ளையே உள்ளிருந்து ஒளிரும். வெள்ளை நிறம் என்று தனியாகப் பூசுவதில்லை, விட்டுவைப்பதுதான் வெள்ளை. மலிவான பெட்டியில் கிடைப்பதால் எளிது என்று எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். எனக்குத் தெரிந்து கடினமானது இதுதான், செய்த தப்பை மூடவே முடியாது. வாங்குவதாக இருந்தால் பாதிக் காசைத் தாளுக்குச் செலவழியுங்கள். 300 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் வேண்டும், ஓவிய நோட்டுத் தாள் நனைந்ததும் அப்பளம் போல நெளிந்துவிடும். 24 நிறப் பெட்டிக்கு ஆசைப்படாமல் நல்ல ஆறு நிறம் போதும். ட்யூபில் நிறமி எண் ஒன்றே ஒன்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நான்கு எண்கள் கலந்தவை உங்கள் தட்டில் மறுபடி கலக்கும்போது சேறாகிவிடும்.

தங்கை மகளுக்கு நான் சொன்னது அக்ரிலிக். அவள் பொறுமை எனக்குத் தெரியும். தப்பு செய்தால் பத்து நிமிடத்தில் மேலே பூசித் திருத்திக்கொள்ள வேண்டும் அவளுக்கு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, நனைத்த துணியின் மேல் எண்ணெய்த்தாள் விரித்து அதில் நிறத்தைப் பிதுக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் நம் வெயிலுக்குத் தட்டிலேயே பிளாஸ்டிக் ஆகிவிடும். வீட்டைப் பொறுத்தவரை, மாடியில் பின்னாளில் சிமெண்ட் வைத்துக் கட்டிய இரண்டு அறைக்கும் எமல்ஷன், கதவுகளுக்குத் தண்ணீர் எனாமல், கூடத்துக்கு எல்லா ஏட்டையும் செங்கல் பூச்சு வரை சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு என்று முடிவாயிற்று. சாய்ந்தால் ஒட்டுமே என்று வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. சோபாவை ஒரு சாண் தள்ளிப் போட்டதும் அடங்கியது.

அவள் முதலில் வரைந்தது அந்தப் பொருக்கைத்தான். ஓரத்தைப் பெரிதாக்கி, நான்கு ஏட்டையும் அடுக்கினாள். சந்தனமும் பச்சையும் அப்படியே வந்துவிட்டன. சுண்ணாம்பு நீலம் மட்டும் வரவில்லை. எப்படிக் கலந்தாலும் அக்ரிலிக் லேசாக மினுங்கியது, மாவுத்தன்மை கூடவில்லை. நாலைந்து முறை முயன்றுவிட்டு, பொருக்கின் முதுகையே கத்தியால் சுரண்டி, அந்தத் தூளைக் கோந்துத் தண்ணீரில் குழைத்து, தனியாக ஒரு தாளில் தடவினாள். ஈரத்தில் ஒன்றுமே தெரியவில்லை. "போச்சு மாமா" என்று எழுந்து காப்பி குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது தாளில் நீலம் வந்திருந்தது.